லிலிபாண்ட் மென்பொருளில் தமிழ்ப் பாட்டு: சொல்லை ஸ்வரத்தின் கீழ் நிறுத்துவது எப்படி?

ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவானாலும், சேலத்துத் தேவாலயத்தின் பாடகர் குழுவானாலும், ஒரு தமிழ்ப் பாட்டை ஸ்டாஃப் நொட்டேஷனில் (ஐந்து கோட்டு மேற்கத்திய இசைக்குறிப்பில்) அச்சிட்டுக் கொடுக்க வேண்டியவருக்கு ஸ்வரங்களைவிடச் சொற்களே அதிக வேலை வைக்கின்றன. இசையைக் கணினியில் போட்டு, முதல் சரணத்தைக் கீழே பேனாவால் எழுதி, மற்ற சரணங்களைத் தாளின் அடியில் மொத்தமாகத் தட்டச்சிட்டு ஜெராக்ஸ் எடுப்பதுதான் நம் பக்கத்தில் நான் அதிகம் பார்த்திருக்கும் வழக்கம். இரண்டாம் சரணம் வந்ததும் ஆல்ட்டோவும் (தாழ்ந்த பெண் குரல்) டெனாரும் (உயர்ந்த ஆண் குரல்) ஆளுக்கோர் இடத்தில் அசையை இழுக்கத் தொடங்குவார்கள். எந்த எழுத்து எந்த ஸ்வரத்துக்கு என்பது தாளில் இல்லாதபோது அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இந்த ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால், நான் பழகிய மென்பொருள்களில் லிலிபாண்ட்தான் முதலிடத்தில் நிற்கிறது. ஆனால் அசை பிரிக்கும் உழைப்பு முழுவதையும் அது உங்கள் தலையில்தான் வைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹான்-வென் நீன்ஹெய்ஸ், யான் நியூவென்ஹெய்ஸன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் 1996-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது, க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைச் சேர்ந்தது, காசு கிடையாது. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை என்பதால், மழைக்காலத்தில் சிக்னல் போய்ப் போய் வரும் மலைக்கிராமத்திலும் இதை வைத்து வேலை செய்யலாம். திரையில் ஐந்து கோடுகள் தெரியும், மவுஸால் ஸ்வரத்தை எடுத்து வைக்கலாம் என்று எதிர்பார்த்துத் திறப்பவர் ஏமாந்து போவார். இசையை எழுத்தாகவே தட்டச்சிட வேண்டும்: ஸ்வரத்தின் ஆங்கில எழுத்து, அதை ஒட்டி அளவைக் காட்டும் எண், 4 என்றால் க்ராட்செட் (கால் ஸ்வரம்), 8 என்றால் அதில் பாதி நீளமான குவேவர். எழுதிய கோப்பைக் கொடுத்தால் பி.டி.எஃப். தாள் வெளியே வரும். ஸ்வரப் பெயர்கள் இயல்பாக டச்சு முறையில் இருப்பதால் ஷார்ப்புக்கு (அரைப்படி உயர்த்திய ஸ்வரத்துக்கு) ‘இஸ்’ என்று சேர்க்க வேண்டியிருக்கும். ஆங்கில முறைக்கு மாற்ற ஒரு வரி போதும்.

சொற்களைப் பொறுத்தவரை இதன் அடிப்படை ஏற்பாடு மிகவும் எளிமையானது. மெட்டு ஓரிடத்திலும் பாட்டு வரிகள் வேறோரிடத்திலும் தனித்தனியாக எழுதப்படுகின்றன. மெட்டுக்கு ஒரு பெயர் சூட்டி, ‘லிரிக்ஸ்டு’ என்ற கட்டளையால் வரிகளை அந்தப் பெயரோடு கோத்துவிட்டால், அசைகள் வரிசையாக ஸ்வரங்களின் கீழே போய் உட்கார்ந்துகொள்கின்றன. அசைக்குத் தனியாகக் கால அளவு கொடுக்க வேண்டியதில்லை. இடையில் ஓய்வு வந்தால் சொல் அதைத் தாண்டிப் போகும். டை (ஒரே ஸ்வரத்தை நீட்டும் வளைவு) போட்டு இணைத்த இரண்டு ஸ்வரங்களையும், ஸ்லர் (வெவ்வேறு ஸ்வரங்களை இணைக்கும் வளைவு) போட்ட ஸ்வரக் கூட்டத்தையும் ஓர் அசைக்கு உரியதாகவே எடுத்துக்கொள்ளும். மெட்டைப் பிறகு திருத்தினாலும், கீயை (சுருதியை) மாற்றினாலும், வரிகளைத் தொட வேண்டியதில்லை. சோப்ரானோவும் (உயர்ந்த பெண் குரல்) ஆல்ட்டோவும் ஒரே ஸ்டாஃபில் இருக்கும்போது வரிகள் எந்தக் குரலைப் பின்பற்ற வேண்டும் என்பதையும் இந்தப் பெயரே தீர்மானிக்கிறது. மேற்கோள் குறிக்குள் எழுதுவதால் அந்தப் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். கட்டளைகளை மட்டும் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சிட வேண்டும், ஒவ்வொன்றின் முன்னும் பின்சாய்கோடு உண்டு. படிப்பவர் வசதிக்காக இங்கே அவற்றைத் தமிழில் ஒலிபெயர்த்துத் தருகிறேன்.

குழந்தைகளுக்காக எழுதிய ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: ‘காப்பிப் பூ மணக்கும் காலையிலே’. லிலிபாண்டுக்கு இதை இப்படிக் கொடுக்க வேண்டும்: காப் -- பிப் பூ ம -- ணக் -- கும் கா -- லை -- யி -- லே. பதினான்கு எழுத்து, பத்து அசை, ஆகவே பத்து ஸ்வரம். ஒரே சொல்லின் அசைகளுக்கு நடுவே இரண்டு சிறு கோடுகள். அந்தக் கோடுகளின் இரு பக்கமும் கட்டாயம் இடைவெளி. இடைவெளியை விட்டுவிட்டால் முழுச்சொல்லும் கோடுகளோடு சேர்ந்து ஒரே ஸ்வரத்தின் கீழ் போய் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

தமிழ் தெரியாதவர்கள் உருவாக்கிய ஏற்பாடு தமிழுக்கு எப்படி இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்றால், அசையை எங்கே வெட்டுவது என்ற கேள்விக்குள் அது தலையிடுவதே இல்லை. ஆங்கிலச் சொல்லைப் பிரிக்க அகராதி பார்க்க வேண்டும். தமிழுக்கு அந்தத் தொல்லை கிடையாது. உயிரோ உயிர்மெய்யோ அசையைத் தொடங்கும்; புள்ளி வைத்த எழுத்து எப்போதும் முந்தைய அசையோடு போகும். இந்த ஒரு விதி பெரும்பாலான சொற்களுக்குப் போதும். யாப்பிலக்கணம் படித்தவர்கள் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும், ஏனென்றால் ‘மணக்’ என்பது யாப்பில் ஒரே நிரையசை, பாடும்போதோ அது இரண்டு ஸ்வரம் கேட்கும். தேவாலயப் பாடல்களில் விதிக்கு வெளியே நிற்கும் சொற்களும் உண்டு: ‘ஸ்தோத்திரம்’ புள்ளி எழுத்தில் தொடங்குவதால் ஸ்தோத் -- தி -- ரம் என்றுதான் பிரியும். எந்தக் காரணத்துக்காகவும் உயிர்மெய்யை உடைத்து, கொம்பையோ காலையோ தனி அசையாக எழுதிவிடக் கூடாது. எழுத்தில்லாத அந்தக் குறி புள்ளி வட்டத்தின்மேல் ஏறிக்கொண்டு தாளில் அச்சாகும்.

ஓர் அசையைப் பல ஸ்வரங்களுக்கு இழுக்கும் இடங்களில் இதன் அச்சழகு தெரிகிறது. சொல்லின் கடைசி அசை நீண்டால், ஓர் இடைவெளி விட்டு இரண்டு அடிக்கோடுகளை இட வேண்டும். ‘லே’ என்ற எழுத்தின் அடியிலிருந்து மெல்லிய கோடொன்று கடைசி ஸ்வரம்வரை தானாக ஓடும். ‘லே ஏ ஏ’ என்று உயிரைத் திரும்பத் திரும்ப எழுதும் நம் பழக்கத்துக்கு இனி வேலையில்லை. ஸ்லர் இல்லாத இடத்தில் ஒரு ஸ்வரத்தைச் சொல்லின்றி விட வேண்டுமானால் தனித்த ஒற்றை அடிக்கோடு. நீளும் அசைகளை இந்த மென்பொருள் ஸ்வரத்தின் இடது ஓரத்தில் தொடங்கி நிறுத்துகிறது, மற்றவற்றை நடுவில் நிறுத்துகிறது. ‘வாழ்ந்’ போன்ற அகலமான அசைகள் நெடுந்தூரம் நீளும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கு எவ்வளவு உதவுகிறது என்பது கையால் எழுதிய தாளோடு ஒப்பிட்டால் தெரியும். குற்றியலுகரம் மறைந்து அடுத்த உயிரோடு சேரும் இடங்களுக்கும் வழி உண்டு: ‘பாட்டு ஒன்று’ என்பதைச் சொற்பிரிப்புத் தெரியும்படி அச்சிட்டு, ஆனால் ‘டு’வையும் ‘ஒன்’னையும் ஒரே ஸ்வரத்தில் பாட வேண்டுமானால், இரண்டுக்கும் நடுவே ~ என்ற குறியை இட்டால் கீழே சிறிய வளைவு வந்து அவற்றைக் கட்டிவிடும். ‘பாட்டொன்று’ என்று புணர்த்தியே அச்சிடுவதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் குழுவில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் வளைவே நல்லது.

இரண்டாம் சரணத்தில்தான் உண்மையான சோதனை. முதல் சரணத்தில் ஓர் அசை இரண்டு ஸ்வரங்களில் ஓடிய இடத்தில் இரண்டாம் சரணத்துக்கு இரண்டு அசைகள் இருக்கும். தமிழ்ப் பாடல்களில் இது வரிக்கு வரி நடக்கும். அந்த இடத்தில் ‘இக்னோர்மெலிஸ்மாட்டா’ என்ற அமைப்பை இயக்கி, வேண்டிய அசைகள் முடிந்ததும் அணைத்துவிட்டால், அந்தச் சரணம் மட்டும் ஸ்லரைப் பொருட்படுத்தாமல் ஸ்வரத்துக்கு ஓர் அசையாகப் போகும். ஸ்லரைப் புள்ளிக்கோடாக மாற்றினால் பாடுபவருக்கும் விஷயம் புரியும். சரண எண்ணை வரியின் இடப்பக்கம் நிறுத்தவும் ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் ஒரு சரணத்தின் நடுவில் வரிகளை வேறொரு குரலின் மெட்டுக்கு மாற்றும் ‘அசோசியேட்டட்வாய்ஸ்’ அமைப்பை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மாற்றம் வேண்டிய அசைக்கு ஓர் அசை முன்னதாகவே அந்தக் கட்டளையை எழுத வேண்டுமாம். கையேட்டில் சொல்லியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் கையேட்டில் சொல்லிவிட்டதால் மட்டும் ஒரு விசித்திரம் நியாயமாகிவிடாது.

இன்னொரு ஆபத்தும் இதே ஏற்பாட்டிலிருந்தே பிறக்கிறது. அசைகள் வரிசையாக ஓடுவதால் ஒன்று விட்டுப்போனால் அதற்குப் பின்னால் உள்ள பாட்டு முழுவதும் ஒரு ஸ்வரம் முன்னால் நகர்ந்துவிடும். எங்கே விட்டுப்போனது என்று மென்பொருளுக்குத் தெரியாது. இதற்குத் தடுப்பாக, ஒவ்வொரு பார் (இரண்டு நேர்கோடுகளுக்கு நடுவிலான தாளப் பகுதி) முடியும் இடத்திலும் பாட்டு வரிகளுக்குள்ளும் நேர்கோட்டுக் குறியை இட்டுப் பழக வேண்டும். அசைகள் அந்த இடத்தோடு ஒத்துப்போகாவிட்டால் எச்சரிக்கை வரும், தவறும் ஒரு பாருக்குள் பிடிபடும். பார் ஓய்வில் தொடங்கினால் மட்டும் எல்லாம் சரியாக இருந்தும் எச்சரிக்கை வரும், ஏனென்றால் அந்த இடத்தில் நிற்க அசையே இல்லை. இதே போல எழுத்தாலேயே இசை எழுதும் ஏ.பி.சி. முறை இந்த விஷயத்தில் ஒரு படி மேல் என்பேன்: அங்கே பாட்டு வரியில் நேர்கோடு இட்டால் சொல் தானாக அடுத்த பாருக்குத் தாவிவிடும், ஆகவே ஒரு பாரில் செய்த பிழை அடுத்ததைக் கெடுக்காது. நான்கு குரல் பாட்டின் அச்சுத் தரத்தில் அது லிலிபாண்டுக்கு ஈடாகாது என்பதால்தான் நான் இங்கேயே இருக்கிறேன்.

தமிழ் எழுத்தின் அகலம் தனியாகப் பேச வேண்டிய ஒன்று. குவேவர்கள் நிறைந்த ஒரு பாரில் ‘ணை’, ‘ஞா’, ‘கொண்’ என்று அடுத்தடுத்து வந்தால், சொற்களுக்கு இடம் கொடுப்பதற்காக மென்பொருள் ஸ்வரங்களை விலக்கி வைக்கும். ஒரு வரிக்கு நான்கு பார் வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் வரும். நெருக்கினால் அசைகளுக்கு நடுவே வரும் கோடுகள் மறையும். ஒரே சொல்லின் அசைகள் ஒட்டிக்கொள்வதில் படிப்பவருக்குச் சிரமமில்லை, இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டால்தான் பொருள் கெடும். ஆகவே சொற்களின் இடைவெளியை ஆளும் ‘லிரிக்ஸ்பேஸ்’ அளவைக் கூட்டி, எழுத்தளவைக் கொஞ்சம் குறைத்து, இயல்பாக 20 புள்ளியாக இருக்கும் ஸ்டாஃப் அளவை 18-ஆக இறக்கினால் ஏ4 தாளில் நான்கு சரணம் நெருக்கடியின்றி அடங்கும். சரண வரிகளுக்கு நடுவிலான மேல்-கீழ் இடைவெளியையும் சற்றுக் கூட்ட வேண்டும். ‘கு’, ‘ளூ’ போன்ற எழுத்துகளின் வால் கீழே இறங்கி அடுத்த வரியின் தலையில் இடிக்கப் பார்க்கும். எழுத்துருவைக் குறிப்பிடாவிட்டால் கணினியில் அகப்பட்ட தமிழ் எழுத்துரு ஒன்றை அதுவே எடுத்துக்கொள்ளும் என்பதால், நோட்டோ செரிஃப் தமிழ் என்றோ வேறு நல்லது ஒன்றையோ பெயர் சொல்லிக் கட்டிவிடுங்கள். கோப்பு யூனிகோடில் இருக்க வேண்டும். டி.டி.பி. கடையில் பாமினியில் (யூனிகோடுக்கு ஒத்துவராத பழைய எழுத்துரு) அடித்து வாங்கிய பழைய பாட்டு வரிகளை அப்படியே ஒட்டினால் வருவது ஆங்கில எழுத்துக் குப்பைதான். முதலில் மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். எழுத்துரு பி.டி.எஃப்.-க்குள்ளேயே பதிந்துவிடுவதால், சேலம் நாலு ரோட்டில் எந்த ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாலும் வீட்டில் பார்த்தபடியே தாள் வரும்.

கட்டளைக்கு ஆங்கிலம், வரிக்குத் தமிழ் என்று விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டுவது எரிச்சலூட்டும். பாட்டு வரிகளைத் தனிக் கோப்பில் எழுதி, ‘இன்க்ளூட்’ கட்டளையால் உள்ளே இழுத்துக்கொள்வது இதற்கு நல்ல மருந்து. ஃப்ரெஸ்கோபால்டி என்ற இலவச எடிட்டரையும் சேர்த்து நிறுவிக்கொள்வது அவசியம். தாளில் உள்ள ஸ்வரத்தைச் சொடுக்கினால் கோப்பில் அதற்குரிய இடத்துக்கு அது அழைத்துச் செல்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு சரணம் என்றால் இவ்வளவும் தேவையில்லை: மவுஸால் இசை எழுதும் இலவச மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் ஸ்வரத்தைச் சொடுக்கி நேராகச் சொல்லைத் தட்டி ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். கீர்த்தனைகளுக்கு இரண்டுமே அரைகுறைதான். கமகத்தை அலங்கார ஸ்வரங்களாக எழுதிச் சமாளிப்பவர்கள், லிலிபாண்ட் அவற்றுக்கு இயல்பாக அசை தராது என்பதையும், தர வேண்டுமானால் ‘இன்க்ளூட்கிரேஸ்நோட்ஸ்’ என்ற அமைப்பை இயக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கட்டும்; சரிகம எழுத்துகளையே இன்னொரு பாட்டு வரியாக ஸ்டாஃபின் கீழ் ஓட்டினால் இரு முறை தெரிந்தவர்களும் ஒரே தாளில் பாடலாம்.

நிறுவும்போது 2.24 வரிசைப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பதிப்பு எண்ணின் நடுவில் இரட்டைப்படை எண் இருந்தால் அது நிலையான பதிப்பு, ஒற்றைப்படை என்றால் சோதனைப் பதிப்பு. எந்தப் பதிப்பில் எழுதினீர்கள் என்பதைக் கோப்பின் முதல் வரியில் குறித்துவிட வேண்டும், ஏனென்றால் பழைய கோப்புகளைப் புதிய பதிப்புக்கு மாற்றித் தரும் ‘கன்வர்ட்-எல்ஒய்’ என்ற கருவி அந்த வரியைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குகிறது.