ஏலகிரியில் ‘ஃபேமிலி கேம்ப்’ போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்

நேற்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்த விளம்பரம் மறுபடியும் வந்தது. அதே படம்தான். ஏரிக்கரையில் வரிசையாகக் கூடாரங்கள், பின்னால் ஊசியிலைக் காடு. கீழே ‘கோடை ஸ்பெஷல், குழந்தைகளுக்குப் பத்து ஆக்டிவிட்டி’. டிசம்பரில் இதை நம்பித்தான் நாங்கள் 12,000 ரூபாய் அழுதோம். புங்கனூர் ஏரியை ஒரு தடவை பார்த்தவர்கள் யாரும் அந்தப் படத்தை ஏலகிரி என்று சொல்லமாட்டார்கள். நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

அரையாண்டு விடுமுறைக்குப் போனோம். நான், கணவர், மாமனார், நான்காம் வகுப்பு மகள், ஒன்றாம் வகுப்பு மகன். பெரியவர்களுக்குத் தலைக்கு 2,800, பிள்ளைகளுக்கு 1,800. பாதிப் பணத்தை ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள். நிறுவனத்தின் பெயருக்குப் பதில் யாரோ ஒருவருடைய சொந்தப் பெயர் வந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். “ஓனர் தம்பி அக்கவுன்ட் மேடம்” என்றார்கள், சரி என்று அனுப்பிவிட்டேன்.

மலைப்பாதை மட்டும் சொன்னபடி இருந்தது. பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பாவேந்தரில் தொடங்கி வள்ளுவர், கபிலர், ஔவையார் என்று போய், அப்புறம் பாரி, காரி, ஓரி என்று கடையெழு வள்ளல்களும் வந்துவிடுவார்கள். பிள்ளைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து போட்டி போட்டுக்கொண்டு பலகையைப் படித்தார்கள். வள்ளல்கள் ஏழு பேரையும் தாண்டி மேலே போய்த்தான் இப்படி ஒரு ஆளிடம் மாட்டினோம்.

ஐந்து பேருக்குக் கொடுத்தது இரண்டு பேர் படுக்கிற கூடாரம் இரண்டு. பெரிய கூடாரம் வேண்டுமென்றால் 1,200 கூடுதலாம். கேம்ப்ஃபயர் பேக்கேஜில் உண்டுதான், ஆனால் விறகுக்கு 700 தனி. கேட்டால், “ஃபயர்தான் மேடம் ஃப்ரீ” என்று சிரிக்காமல் சொன்னான் அங்கிருந்த பையன். அந்தப் பதிலுக்கே எழுநூறு கொடுக்கலாம்.

‘அருவி ட்ரெக்’ என்று போட்டிருந்தது ஜலகாம்பாறை அருவியை. நிலாவூர்ப் பக்கமிருந்து போனால் மலையை விட்டுச் செங்குத்தாக இறங்க வேண்டும், அதே தூரம் ஏறித் திரும்ப வேண்டும். ஆறு வயதுப் பையனுக்கும் எழுபது வயது மாமனாருக்கும் ஆகிற காரியமா? எங்கள் வயதெல்லாம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவைத்திருந்தார்கள். ஒரு திருப்பத்தில் ஜீப்பை நிறுத்தி, “அதோ அந்தப் பக்கம்தான்” என்று கையைக் காட்டினார்கள். ட்ரெக் முடிந்தது.

கம்பியில் தொங்கிக்கொண்டு சறுக்குகிற ஜிப்லைன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மகள் ஒரு மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தாள். மேடையில் ஏறியதும் அவளுக்கு மாட்டிய ஹார்னஸ் பெரியவர்கள் அளவு. தொடைப் பட்டை இரண்டும் தொளதொளவென்று தொங்கின. பையன் ஒரு நைலான் கயிற்றை எடுத்து அவள் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான், பாவாடை நாடா கட்டுகிற மாதிரி. பட்டையில் ஓர் இடத்தில் நூல் பிரிந்து பஞ்சு தெரிந்தது. ஹெல்மெட்டுக்குத் தாடைப் பட்டையே இல்லை. “தினம் அம்பது பேர் போறாங்க, ஒண்ணும் ஆகாது மேடம்” என்றான். கீழே இறக்கிவிட்டேன். அவள் அழுத அழுகையில் பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், அழட்டும். கட்டிய காசை மட்டும், “மேல ஏறிட்டா ரீஃபண்ட் இல்ல” என்று தரவில்லை.

இரவில் ‘டெலஸ்கோப்பில் நட்சத்திரம்’. மூன்று காலில் ஒன்று உடைந்து, செங்கல்லை முட்டுக் கொடுத்த ஒரு பொம்மைத் தொலைநோக்கி. அதில் தெரிந்தது எதிர்ச் சரிவில் எரிந்த தெருவிளக்கு. தலைக்கு மேலே விடிய விடிய ஃபோகஸ் லைட் வேறு. ஆலங்காயத்துக்கு அப்பால் ஜவ்வாது மலையில்தான் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் ஆடி வைத்த பெரிய தொலைநோக்கி 1986 முதல் அங்கே வானம் பார்க்கிறது. 1988-இல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயரை வைத்திருக்கிறார்கள். அத்தனை அருகில் போய் நாங்கள் பார்த்தது தெருவிளக்கு. கடைசியில் மாமனார்தான் பிள்ளைகளை விளக்குக்கு மறைவாகப் புளியமரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், “அந்தக் கொத்து தெரியுதா, அதான் கார்த்திகை. எத்தனைன்னு எண்ணிச் சொல்லு” என்றார். மகளுக்கு ஆறு வந்தது, மகனுக்குப் பதினொன்று.

இதுவரைக்கும் காசு போனது என்று விட்டுவிடலாம். பத்து மணிக்கு மேல் நடந்ததற்காகத்தான் இந்தப் பதிவே. குளிர் தாங்கவில்லை, கூடுதலாகக் கம்பளி கேட்டோம். கம்பளி இல்லை என்று, பார்பிக்யூ அடுப்பிலிருந்து தணலை ஒரு இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து, பிள்ளைகள் படுத்திருந்த கூடாரத்துக்குள் வைத்தான். “ஜிப்பை நல்லா மூடிக்குங்க, ஹீட்டர் மாதிரி இருக்கும்.” எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. மாமனார்தான் பாய்ந்து வந்து சட்டியை வெளியே தூக்கிவைத்தார். “மூடின இடத்துல கங்கு வைக்கக் கூடாதும்மா. எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.” கரித்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்குகிறவர்களுக்கு மூச்சு முட்டுகிற உணர்வே வராமல் ஆளை முடித்துவிடும். புகை இல்லையே என்று நினைப்போம், புகையே இல்லாத கங்குதான் ஏமாற்றும். அந்த இரவு நாங்கள் ஐந்து பேரும் காருக்குள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்துத் தூங்கினோம்.

காலையில் உரிமையாளரை ஃபோனில் பிடித்தால், “பசங்க புதுசு மேடம்” என்ற ஒரே பதில். பில் கேட்டேன், வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். இன்னும் வரவில்லை.

எங்கே போனாலும் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எவ்வளவு நேரம், கட்டணத்தில் சேர்த்தியா, குழந்தை அளவு ஹார்னஸ் இருக்கிறதா, இருந்தால் அதை இன்றைக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டால் ஃபோனை வைத்துவிடலாம். கம்பளி வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட், விளம்பரப் படம், கயிறு கட்டிய ஹார்னஸின் ஃபோட்டோ மூன்றையும் கொடுத்தேன். பத்து நாள் கழித்து கேம்ப்காரர்களிடமிருந்து 2,000 ரூபாய் வந்தது, கூடவே ‘ரிவியூவை எடுத்துடுங்க மேடம்’ என்று ஒரு செய்தி. எடுக்கவில்லை. மீதிக்குப் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. நேற்று வந்த விளம்பரத்தில் பெரியவர்களுக்கு இப்போது 3,200.