தீர்மானம் எழுதக் கற்றுத்தந்த ஒரு நாள்: பள்ளி மேலாண்மைக் குழுப் பயிற்சி குறித்து

எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் 2024 ஆகஸ்டில் மேலாண்மைக் குழு மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது, பெற்றோர் உறுப்பினர்களில் ஒருவராக நானும் தேர்வானேன். அதன் பிறகு, சுற்றியுள்ள பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு பள்ளியில் இயங்கும் எங்கள் குறுவள மையத்தில் குழு உறுப்பினர்களுக்காக நடைபெற்ற ஒரு நாள் பயிற்சியில் கலந்துகொண்டேன். வந்திருந்த தாய்மார்களில் பலர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். ஆகவே, அந்த நாள் அவர்கள் இழந்த கூலிக்கு ஈடாக இருந்ததா என்ற கேள்வியை வைத்தே இப்பயிற்சியை எடைபோட விரும்புகிறேன். முற்பகல் நிச்சயமாக ஈடாக இருந்தது. பிற்பகலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

காலை அமர்வை நடத்திய ஆசிரியர் பயிற்றுநர், 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை வாசித்துக் காட்டாமல், எங்கள் கையில் இருக்கும் அதிகாரம் எது என்பதிலிருந்து தொடங்கினார். குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும், பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு குழுவுக்குத் தந்த பணிகள் என்பதும் அங்கிருந்த பெரும்பாலோருக்குப் புதிய செய்தி. தமிழ்நாட்டில் 2022இல் 20 பேராக இருந்த குழு 2024இல் 24 பேராக விரிந்து, முன்னாள் மாணவர்களும் அதில் சேர்க்கப்பட்டதை அவர் சுருக்கமாகச் சொல்லிக் கடந்தார். அது போதுமானதாகவே இருந்தது.

பள்ளிச் செலவுகளுக்காக அரசு தரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் பற்றிய விளக்கத்தை நான் மறக்க மாட்டேன். 31 முதல் 100 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை என்றால் 50,000 ரூபாய் என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதி, அதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்குச் செலவாக வேண்டும் என்றும் சொன்னார். 86 பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளிக்கு அது 2,500 ரூபாய். எங்கள் குழுத் தலைவி அந்தத் தொகையைத் தன் குறிப்பேட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். பள்ளிக்கு இப்படி ஒரு பணம் வருகிறது என்பதே அவருக்கு அதுவரை தெரியாது.

இந்தப் பயிற்சியின் உயிர் என்று நான் கருதுவது தீர்மானம் எழுதும் பயிற்சியைத்தான். பயிற்சி நடந்த பள்ளியையே சுற்றிப் பார்த்து, கண்டதை எழுதி வரச் சொன்னார்கள். எல்லோரும் 'கழிவறை சரியில்லை', 'தண்ணீர் வசதி இல்லை' என்றே எழுதியிருந்தோம். பயிற்றுநர் அதை அப்படியே ஏற்கவில்லை. எத்தனை மாணவியருக்கு எத்தனை கழிவறை, எந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, எந்தக் குழாயில் எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை, இதைச் சரிசெய்ய வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எங்களைத் திரும்ப அனுப்பினார். இரண்டாம் முறை எழுதியதைப் படித்தபோது, முறையீடாக இருந்தது கோரிக்கையாக மாறியிருந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு தாய் தன் தீர்மானத்தைத் தானே எழுந்து நின்று வாசித்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தை நாள் முழுவதற்கும் நீட்டியிருந்தாலும் நான் மகிழ்ந்திருப்பேன்.

குறை என்று சொல்ல வேண்டிய முதல் செய்தி, தலைமை ஆசிரியர்களும் அதே அறையில், முன்வரிசையில் அமர்த்தப்பட்டது. தன் பிள்ளையின் வகுப்பாசிரியருக்கு மேலாளரான ஒருவர் முன்னால் இருக்கும்போது, நிதிக் கணக்கைப் பற்றி எந்தத் தாய் வாய் திறப்பார்? காலையில் வெளியே மரத்தடியில் தடையின்றிப் பேசியவர்கள், பிற்பகலில் உள்ளே வந்ததும் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். தலைமை ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களும் குழு உறுப்பினர்களே. ஆனால் பெற்றோர் மட்டும் இருக்கும் ஓர் அமர்வாவது தனியாகத் தேவை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. கேட்பதற்குக் கற்றுத்தந்தவர்கள், கேட்டும் நடக்காவிட்டால் அடுத்து எங்கே போவது என்பதைக் கற்றுத்தரவில்லை. 61 முதல் 90 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு மூன்று ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது சட்டத்தின் அட்டவணை. எங்கள் பள்ளியில் இருப்பவர்கள் இருவர். இதைச் சொல்லி நான் வழி கேட்டபோது, 'தீர்மானம் போடுங்கள்' என்பதற்கு மேல் விடை கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன என்பதை நான் பின்னர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கேட்டுத்தான் அறிந்தேன். ஜூன், ஜூலையில் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போவதன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்து மூலம் புகார் தரலாம், அது மூன்று மாதத்துக்குள் முடிவு செய்யப்பட வேண்டும் என்பதும், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்து 30 நாளில் விடை பெறலாம் என்பதும் அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடியவை. அந்த அரை மணி நேரம் வாழ்த்துரைகளுக்குப் போய்விட்டது.

அழைப்பு முந்தைய நாள் மாலையில்தான் வந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது போதாது. உணவும் இடவசதியும் நன்றாக இருந்தன. கையேட்டின் மொழி எளிதாக இருந்தாலும், எழுத்து இன்னும் பெரிதாக இருக்கலாம்.

இனி இப்பயிற்சிக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிவறை எண்ணிக்கை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே எழுதி எடுத்துச் செல்லுங்கள். தனியாகப் போகாமல் குழுவிலிருந்து குறைந்தது மூன்று பேராகப் போங்கள். அடுத்து வந்த மாதக் கூட்டத்தில் எங்கள் குழுவிலிருந்து பயிற்சிக்குப் போன நாங்கள் மூவரும் சேர்ந்து எழுதிய முதல் தீர்மானம் நிறைவேறியது. 41 மாணவியர் பயன்படுத்தும் கழிவறைக்கு இரண்டு வாரத்தில் தாழ்ப்பாள் வந்தது. குழாய்க்கான இரண்டாவது கடிதத்தில் தலைவி இந்த வாரம் கையெழுத்திட்டிருக்கிறார்.