சொன்ன விலையும் வந்த பில்லும்: மலையகத்து வீட்டுக்கு ஏற்ற இணையத் தொலைபேசி எது?

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வசிக்கும் பெரியம்மா ஒருவர், 2025ஆம் ஆண்டு வீட்டுக்குப் புதிதாக எடுத்த ரவுட்டர் தொலைபேசியின் முதல் மாதப் பில்லுடன் என்னிடம் வந்தார். இணையத்துக்கு 1,000 ரூபாய், பேசுவதற்கு 300 ரூபாய் என்று சொல்லித்தான் இணைப்பைக் கொடுத்திருந்தார்கள். பில்லில் இருந்த தொகையோ 1,660 ரூபாய். "நாங்க அதிகமாப் பேசவே இல்லையே தம்பி, இந்த முந்நூத்தி அறுபது எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டார். அப்போது தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய். கொழுந்து பறித்து ஒரு பேர் (ஒரு நாள் வேலை) போட்டால் கிடைக்கும் பணத்தில் கால் பங்குக்கும் மேலானதை அந்த வித்தியாசம் தின்றுவிட்டது. அவருக்குப் பதில் சொல்வதற்காகக் கணக்குப் பார்க்கத் தொடங்கிய நான், இங்கே கிடைக்கும் மற்ற வழிகளையும் அதே கணக்கில் நிறுத்திப் பார்த்தேன்.

பெரியம்மாவின் பில்லில் மோசடி எதுவும் இல்லை, முழுவதும் வரிதான். குரல் அழைப்புக்குத் தொலைத்தொடர்பு அறவீடு உண்டு. 2011ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த அந்த அறவீடு 2022 ஜூன் முதல் 15 வீதமாக உள்ளது. 2019இன் இறுதியில் 8 வீதத்துக்குக் குறைக்கப்பட்ட பெறுமதி சேர் வரி, படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 வீதமாகியது. 2022 ஒக்டோபரில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதத்துடன் வந்து சேர்ந்தது. இவற்றோடு 2 வீத செஸ் வரியும் இருக்கிறது. இந்த நான்கையும் கூட்டினால் 37.5 வீதம்தான் வரும். ஆனால் ஒரு வரி சேர்ந்த தொகையின் மேல் அடுத்த வரி போடப்படுவதால், பேசும் கட்டணத்தின் மீது விழும் மொத்தச் சுமை ஏறத்தாழ 42 வீதமாகிறது. இணையத்துக்கான தொலைத்தொடர்பு அறவீடு 2018 செப்டெம்பரில் நீக்கப்பட்டுவிட்டபடியால் டேட்டாவின் மீது விழுவது ஏறத்தாழ 23 வீதம். ஆகவே 1,000 ரூபாய் 1,234 ஆகவும், 300 ரூபாய் 426 ஆகவும் மாறின. கணக்குச் சரிதான், ஆயினும் பெரியம்மாவிடம் அந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெரிய எழுத்தில் விலையை அச்சிட்டு, மூலையில் "வரிகள் நீங்கலாக" என்று பொடி எழுத்தில் போடுவதைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

ஒரே பேச்சு குரல் அழைப்பாகப் போனால் 42 வீதம், டேட்டாவாகப் போனால் 23 வீதம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற ஒப்பீடுகள் எளிதாகும்.

முதல் வழியான, ரவுட்டருடன் இணைந்த வீட்டுத் தொலைபேசி, ஃபைபர் கம்பியில் வந்தாலும் 4ஜி அலையில் வந்தாலும், பெயரளவில்தான் பழைய தொலைபேசி; பேச்சு இணைய முறையிலேயே போகிறது. எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாத தாத்தாவும் பொத்தான்களை அழுத்தி 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம் என்பது இதன் பெரிய நன்மை. இதில் மறைந்திருக்கும் செலவுகள் பில்லில் வராதவை. இணைப்புக் கட்டணம், ரவுட்டருக்கான பணம், ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே விட்டால் கட்ட வேண்டிய தொகை ஆகியவற்றைக் கேட்டால் சொல்வார்கள். கேட்டாலும் பெரும்பாலும் சொல்லாதது மின்சாரத்தைப் பற்றியது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. ரவுட்டரோ கரண்ட் போன கணமே ஊமையாகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றில் சவுக்கு மரம் கம்பியில் சாயும் எங்கள் பக்கத்தில் இது சிறிய குறையன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது, மண்சரிவைவிட வீட்டாரின் குரல் கேட்காததே வெளியூரில் இருந்தவர்களை அதிகம் வதைத்தது. ரவுட்டருக்கான சிறு பற்றரி ஒன்றின் விலையையும் இந்தத் தெரிவின் விலையோடு சேர்த்தே எழுத வேண்டும். கோபுரமே விழுந்தால் அதுவும் உதவாது என்பதும் உண்மை.

டேட்டா ரீலோட் செய்து வட்ஸ்அப்பிலோ இமோவிலோ பேசுவது இரண்டாவது வழி. குரல் மட்டும் என்றால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை எம்பி போகும். அரை மணி நேரம் பேசினாலும் பதினைந்து எம்பி அளவுதான். முகம் பார்த்துப் பேசினால் அது பத்து மடங்கையும் தாண்டும். வரியும் குறைவு என்பதால் மலிவில் இதை வெல்ல வேறு எதுவும் இல்லை. இதில் பணம் கரையும் இடம் காலாவதி நாள். மாதச் சம்பளத்தில் பெரிய பொதி வாங்க முடியாதவர்கள் இரண்டு நாளுக்கும் ஏழு நாளுக்குமாகச் சிறு பொதிகளை வாங்குகிறார்கள். மீதி டேட்டா நாள் முடிந்ததும் போய்விடுகிறது. இரவு டேட்டாவும் சேர்ந்த பொதி என்றால், நள்ளிரவுக்குப் பின்னரே பயன்படும் அந்தப் பங்கை, காலையில் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் இடத்துக்கு) போக வேண்டிய குடும்பம் தொடுவதே இல்லை. சமூக ஊடகப் பொதி என்ற பெயரைப் பார்த்து வாங்குபவர்கள், செய்தி அனுப்புவதற்கு மட்டுமா அழைப்புக்கும் சேர்த்தா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

இந்த இரண்டாவது வழிக்கு வெளிநாட்டில் ஒரு கதவு அடைபடுகிறது. மலையகத்திலிருந்து பெண்கள் வேலைக்குப் போகும் நாடுகளில் ஒன்றான ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப் அழைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேசலாம். அதற்கென அங்கே மாதக் கட்டணப் பொதிகளும் விற்கப்பட்டன. சவூதியில் 2017இல் பல செயலிகளுக்கான தடை நீக்கப்பட்டது. எனவே இங்கே நாம் "இலவசம்" என்று சொல்லும் அழைப்புக்கு, டுபாயில் வீட்டு வேலை செய்யும் மகள் தன் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கலாம். ஒப்பீடு செய்யும் எவரும் அந்தப் பக்கத்துப் பில்லையும் கேட்டறிய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மூன்றாவது, வைபர் அவுட் போல முன்பணம் கட்டி, சாதாரணத் தொலைபேசி எண்ணுக்கே அழைக்கும் செயலி. நிமிட விலை சில சதங்கள் என்றுதான் தெரியும். ஆனால் பேசிய வினாடிகளை முழு நிமிடமாக்கும் வழக்கம், பயன்படுத்தாத பணம் செயலிழந்துபோகும் விதி, டொலரில் கட்டும்போது வங்கி அட்டையின் மீது விழும் மாற்றுக் கட்டணம் ஆகியவை அந்தச் சதங்களுக்குப் பின்னால் நிற்கின்றன. வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு வரும் அழைப்பின் மீது 2004ஆம் ஆண்டின் நிதிச் சட்டப்படி அறவீடும் உண்டு; இதே செயலியில் இந்தியாவுக்குப் பேசும் விலையும் இலங்கைக்குப் பேசும் விலையும் ஒன்றாக இராததற்கு அதுவும் ஒரு காரணம். இவ்வகையில் பெயர் பெற்றிருந்த ஸ்கைப் 2025 மே 5ஆம் திகதி மூடப்பட்டது. அவசரத்துக்குச் சிறு தொகை போட்டு வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

நான்காவதாக, அமெரிக்காவிலுள்ள உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் ஊமா, மஜிக்ஜக் போன்ற பெட்டிகள். ரவுட்டரில் செருகினால் ஹட்டனில் இருந்தபடியே அமெரிக்க எண்ணில் பேசலாம். ஊமா தன் அடிப்படைச் சேவையை இலவசம் என்றும், வரிகளும் கட்டணங்களும் மட்டும் தனி என்றும் சொல்லி விற்கிறது. பார்க்க வேண்டியது அந்தத் தனியைத்தான். அங்கே இணையத் தொலைபேசி நிறுவனங்கள் 2006 முதல், எல்லோருக்கும் தொலைபேசி எட்டச் செய்யும் பொதுச் சேவை நிதிக்குப் பங்களிக்க வேண்டும்; அதை வாடிக்கையாளரின் பில்லில் சேர்க்கலாம். 2025இல் அந்த வீதம் 36ஐயும் தாண்டியது. 911 அவசர சேவைக் கட்டணம் வேறு. தலவாக்கலையில் வீடு தீப்பிடித்தால் 911ஆல் ஒரு வாளித் தண்ணீரும் வராது. ஆனாலும் கட்டணம் போகும். வரி போலவே பெயர் சூட்டப்பட்ட "ஒழுங்குமுறை மீட்புக் கட்டணம்" என்ற வரிசையையும் கவனிக்க வேண்டும். அது அரசு விதித்த வரியன்று. நிறுவனம் தன் செலவுக்காகத் தானே எடுத்துக்கொள்வது. சேவையை விட்டு விலகுவதைக் கடினமாக்கியதற்காகவும் எதிர்பாராத கட்டணங்களுக்காகவும் வொனேஜ் என்ற இணையத் தொலைபேசி நிறுவனம் 2022இல் 10 கோடி டொலர் செலுத்த இணங்கியது. உறவினர் அன்போடு தந்தாலும் இந்தப் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரியம்மாவின் வீட்டில் ரவுட்டரை விட்டுவிடவில்லை. பேசும் பொதியை மட்டும் ஆகக் குறைந்ததற்கு மாற்றி, மாற்றிய படிவத்தின் ஓரத்தில் வரி உட்பட மாதத் தொகையைப் பேனாவால் எழுதித் தரும்படி கேட்டு வாங்கினோம். குவைத்தில் இருக்கும் மகள் ஞாயிறு மாலை வட்ஸ்அப்பில் எடுக்கிறாள். பேரன் ரவுட்டருக்குப் பக்கத்தில், ஜன்னல் கட்டையில் ஃபோனைச் சாய்த்து வைக்கிறான். பொத்தான் தொலைபேசி பெரியப்பாவின் கிளினிக் நாளுக்கும் 1990க்கும் என்று சுவரில் சோக்கட்டியால் எழுதியிருக்கிறது.