குறும்படத்துக்கு ஒரு செத்த பாம்பு: லேடெக்ஸா, சிலிகானா?

நல்ல பாம்பைப் பிடித்துவைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் பொம்மைதான் வழி. கையில் காசு குறைவென்றால் லேடெக்ஸ், அதாவது காய்ந்தால் ரப்பராகும் பால். பிளாஸ்டர் அச்சில் அடுக்கடுக்காகப் பூசி, காயவிட்டு, உரித்து, பஞ்சு அடைத்தால் பாம்பு தயார். ஆனால் எடையே இருக்காது. கம்பால் தூக்கினால் செத்த உடம்புபோல் தொங்காமல் விறைப்பாக நிற்கும், கேமரா அதைக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே சிறு மணல் பைகளைச் செருகினால் ஓரளவு சரியாகும். வெயிலில் நாளடைவில் லேடெக்ஸ் வெடிப்பும் விடும்.

அச்சில் ஊற்றினால் ரப்பர்போல் இறுகும் சிலிகானில் அந்தக் கனம் தானாகவே வருகிறது. நிறத்தை உள்ளேயே கலப்பதால் ஒளி சற்று ஊடுருவி, தோல் அசல்போலத் தெரியும். குளோசப்புக்கு இதுதான். விலை மட்டும் பல மடங்கு. அப்புறம், பிளாட்டினம் வகை (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும்) சிலிகான் கந்தகம் உள்ள களிமண்ணையோ லேடெக்ஸையோ தொட்டால் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும், மொத்தமும் வீண். சாதாரண அக்ரிலிக் பெயின்ட்டும் ஒட்டாது, சிலிகானிலேயே நிறமியைக் குழைத்துப் பூசவேண்டும்.

நான் சொல்வது: தூரக் காட்சிக்கு முழுப் பாம்பு லேடெக்ஸில், குளோசப்புக்குத் தலையும் ஒரு சாண் கழுத்தும் சிலிகானில். இரண்டையும் தனித்தனி அச்சில் வார்த்தெடுங்கள்.