யாளிக்குத் தலைக்கனம்: ஏழு வருடம் தோளில் சுமந்த பேஸ் கிதார்

பர்மாவின் பெகுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான்: "அண்ணே, மயில் வடிவத்தில் ஒரு பேஸ் கிதார் செய்யச் சொல்லலாம் என்று இருக்கிறேன். உங்கள் யாளித் தலை கிதார் எப்படி உழைக்கிறது? அதைச் செய்த சயாவிடமே கொடுக்கலாமா?"

கேட்ட நேரம் சரியில்லை. அன்று மாலைதான் என் கிதாரைப் பழுதுபார்க்கும் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பணமும் போய், ஒரு சுரமும் போய் உட்கார்ந்திருந்தேன். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டேன். ஏன் என்று திரும்பக் கேட்டான். அதற்கு இது பதில். கொஞ்சம் நீளம்தான்.

நான்கு கம்பி, 34 அங்குலக் கம்பி நீளம், கம்பியின் துடிப்பை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு. இவையெல்லாம் எந்தக் கடையில் வாங்கினாலும் கிடைப்பவை. என் கிதாரில் இரண்டே விஷயங்கள் ஊரோடு ஒத்துப்போகாதவை. உடல், சௌங் கௌக் என்னும் பர்மிய யாழின் படகு வடிவம். தலை, தஞ்சாவூர் வீணையின் முனையில் வாயைப் பிளந்துகொண்டு இருக்குமே, அந்த யாளி. இரண்டும் என் யோசனை. 2018-ல் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், இன்செயின் பக்கத்தில் ஒரு கொட்டகையில் செய்து வாங்கினேன். செய்தவரை நாங்கள் எல்லோரும் சயா என்றுதான் கூப்பிடுவோம்; இங்கே பாடம் சொல்பவரும் சயா, கைத்தொழில் தெரிந்தவரும் சயா. மேசை நாற்காலி செய்துகொண்டிருந்தவர், கிதார் பழுது பார்க்கப் போய் அதிலேயே தங்கிவிட்டவர்.

அவர் என்னை எச்சரித்தார். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கோபம் ஏறிய பிறகு நான் இதை மறந்துவிடுவேன். காகிதத்தில் வரைந்து காட்டியபோதே, "மேலே கொம்பு இல்லையே, வாரை எங்கே மாட்டுவது?" என்றார். கொம்பு என்றது, கிதார் உடலின் மேல்பக்கம் கழுத்தை ஒட்டி நீளும் முனையை. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மாட்டுங்கள் என்றேன். "தலை தொங்கும்" என்றார். பரவாயில்லை என்றேன். அந்தப் பரவாயில்லையைத்தான் ஏழு வருடமாகச் சுமக்கிறேன்.

பேஸ் கிதார் வாசிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். தோளில் வாரோடு தொங்கும் கிதார் ஒரு தராசு. வாரின் முன்பக்க ஆணி எந்த இடத்தில் இருக்கிறதோ, அங்கேதான் தராசின் முள். 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் மேல் கொம்பு ஏன் அவ்வளவு நீண்டு போகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். கொம்பின் நுனி ஏறக்குறைய 12ஆவது ஃபிரெட்டுக்கு (வீணையில் மெட்டு என்போமே, அது) நேரே வந்து நிற்கிறது. கம்பியின் நீளத்தில் சரிபாதி அது. ஆணி அங்கே இருந்தால் நீண்ட கழுத்தும் கனத்த உடலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். படகுக்குக் கொம்பு ஏது? என் ஆணி 16ஆவது ஃபிரெட்டுக்கு நேரே இருக்கிறது. அங்கிருந்து யாளியின் மூக்கு வரை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். பின்பக்கம் உடலின் கடைசி வரை 40 சென்டிமீட்டர்தான். யாளி மட்டும் 300 கிராம். அதை வால் முனையிலிருந்து சமன் செய்ய 600 கிராம் வேண்டும். கழுத்தும், கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முடுக்கிகளும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

ஆக, இடது கையை எடுத்தால் யாளி தரையைப் பார்க்கக் குனிந்துவிடும். பேஸ் வாசிப்பவனின் இடது கை சுரம் பிடிக்க வேண்டிய கை. என் இடது கை பாதி நேரம் யாளியின் கழுத்தைத் தாங்கிக்கொண்டு, மீதி நேரம் சுரம் பிடிக்கிறது. திருவிழாவில் மூன்று மணி நேரம் நின்று வாசித்துவிட்டு வந்தால் மணிக்கட்டும் தோளும் இரவெல்லாம் பேசும். புலி மார்க் தைலம் பிறந்த ஊர் ரங்கூன் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் என் தோளுக்கும் ஒரு பங்கு உண்டு.

மருந்துகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் வார் போட்டேன். கிதார் குனியவில்லை, என் சட்டைதான் குனிந்தது. மீன்வலைக்குப் போடும் ஈயக் குண்டுகளை வாங்கி வால் பக்கத்துக் குழியில் வைத்தேன். தராசு நேரானது. எடை ஐந்து கிலோவைத் தாண்டியது. கூடவே ஒவ்வொரு அடிக்கும் குண்டுகள் உள்ளே கலகலவென்று தாளம் போட்டன. எங்கள் தபலாக்காரர் "யாருடைய சலங்கை அது?" என்று கேட்டார். அன்றோடு ஈயம் போனது.

இந்த நோய் எனக்கு மட்டும் வந்ததல்ல. 1963-ல் வந்த கிப்சன் தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், இதே கதையை இன்னும் அழகாகச் சொல்வார்கள். 1958-ல் வந்த ஃபிளையிங் வி வேறு ரகம், உட்கார்ந்தால் தொடையில் நிற்காமல் வழுக்கும். வடிவம் வித்தியாசமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் எங்காவது ஓர் இடத்தில் விலை கொடுத்தே இருக்கிறார்கள். நெட் ஸ்டைன்பெர்கர் ஒருவர்தான் அடியோடு யோசித்தார். தலையே வேண்டாம் என்று வெட்டிவிட்டு, முடுக்கிகளைக் கொண்டுபோய் உடலின் கடைசியில் வைத்தார். பார்ப்பதற்கு அது துடுப்பு மாதிரி இருக்கும். ஆனால் தொங்காது.

நான் எங்கே தவறினேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வீணை மடியில் கிடக்கும் வாத்தியம். சௌங் கௌக்கும் அப்படியே; வாசிப்பவர் கால் மடக்கி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வார், அதன் வளைந்த கழுத்து எவ்வளவு தூரம் மேலே போனாலும் யாருக்கும் தோள் வலிக்காது. தரை சுமக்க வேண்டிய அலங்காரத்தை நான் தோளில் ஏற்றினேன்.

சரி, திட்டியது போதும். மரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் வரும்.

உடல் பிடவுக். சௌங் கௌக்கின் படகையும் இந்த மரத்தில்தான் குடைவார்கள். நம் ஊர் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் நெருங்கிய உறவு. மூன்றும் ஒரே பேரினம். சித்திரை மாதத் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டி, முதல் மழை விழுந்ததும் யாங்கோன் தெருக்களில் மஞ்சளாகப் பூத்து, மறுநாளே உதிர்ந்துவிடுமே, அதே மரம். அறுத்த புதிதில் செங்கல் நிறத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் கண்ணைப் பறித்தது. சயாவின் புருவம், மூக்கு எல்லாம் சிவப்புத் தூள். வெயில் பட்டுப் பட்டு இப்போது பழுப்பாகிவிட்டது. பிக்கப்பைக் கழற்றினால் அடியில் பழைய நிறம் ஒளிந்திருக்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே ஒரு முறை கழற்றியிருக்கிறேன். இதை என் மனைவியிடம் சொல்லவில்லை.

கழுத்து, தேக்கும் பிடவுக்கும் பட்டை பட்டையாக ஒட்டியது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் பசை எளிதில் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோனால் துடைத்து, எண்ணெய் மறுபடி மேலே கசிவதற்குள் பசை தடவி இறுக்க வேண்டும். தேக்கில் உள்ள சிலிக்கா உளியின் முனையைத் தின்றுவிடும் என்று சயா மணிக்கொரு தரம் சாணை பிடித்தார். அந்த உழைப்புக்குப் பலன் இருக்கிறது. யாங்கோனில் வைகாசி பிறந்தால் ஐப்பசி வரை மழை. எங்கள் குழுவில் மற்ற இரண்டு கிதார்களும் மழைக்காலம் தொடங்கியதும் கழுத்து வளைந்து, கம்பி உயர்ந்து, கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடு என்னும் இரும்புத் தண்டைத் திருகச் சொல்லி அழும். நான்கு கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும் இந்தக் கழுத்தில், ஏழு மழைக்காலத்தில் நான் திருகியது இரண்டே முறை. இரண்டாவது முறையும் அவசியம் இருந்ததா என்பது சந்தேகம்.

நாதமோ, தொட்டால் விடாது. தாழ்ந்த கம்பியைத் தட்டிவிட்டு ஒரு வாய் தேநீர் குடிக்கலாம். மின்சாரம் போன ஓர் இரவில் ஆம்ப் என்னும் ஒலிபெருக்கி இல்லாமல் இருட்டில் வாசித்துக்கொண்டிருந்தேன். கன்னத்தைக் கொம்பில்லாத அந்த விளிம்பில் வைத்தால் எலும்பு வழியாகக் கேட்கிறது. ஒரு சுரம்கூட மற்றதைவிடக் குறைந்து ஒலித்ததில்லை. இது எவ்வளவு பெரிய வரம் என்பது போன வாரம் வரை எனக்குத் தெரியாது.

போன வாரம் நடந்தது இது. தோள் வலி பொறுக்காமல், தலையின் கனத்தைக் குறைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். யாளியை அறுக்க மனம் வரவில்லை. பழைய முடுக்கிகள் நான்கும் சேர்ந்து 400 கிராம். வீணைக்காரர் பிரடை என்பாரே, இங்கே அதன் வேலையைச் செய்யும் இரும்புக் கட்டிகள். அவற்றை எடுத்துவிட்டு, அலுமினியத்தில் செய்த இலேசான முடுக்கிகள் போட்டால் 230 கிராம்தான். சொந்தக்காரர் ஒருவர் பாங்காக்கிலிருந்து வாங்கி வந்தார். கடையில் அரை நாளில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. கையை எடுத்தேன். யாளி குனியத்தான் குனிந்தது, ஆனால் யோசித்து யோசித்துக் குனிந்தது. மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் ஆம்பைப் போட்டு, மெல்லிய கம்பியில் ஐந்தாவது ஃபிரெட்டைத் தொட்டேன். டுப். மரக்கட்டையில் விரலால் தட்டிய மாதிரி. நான்காவது ஃபிரெட் பாடுகிறது, ஆறாவது பாடுகிறது, ஐந்தாவது செத்துக் கிடக்கிறது. ஐந்தாவது எது என்றால் ஒரு கட்டை, மேற்கத்தியர் சொல்லும் C. எங்கள் பாடகர் ஒரு கட்டையில் பாடுபவர். அவருக்கு ஸட்ஜமே, பாட்டின் ஆதாரச் சுரமே, அதுதான்!

செத்த சுரம் என்பது பேஸ் உலகில் பழைய சமாச்சாரம். மெல்லிய கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃபிரெட்டுக்குள் பல பேஸ்களில் இருக்கும். கழுத்தும் தனக்கென்று ஓர் அதிர்வெண் உள்ள பொருள்தான். கம்பியின் சுரம் அந்த அதிர்வெண்ணோடு சரியாகப் பொருந்திவிட்டால், கம்பியின் துடிப்பைக் கழுத்து உறிஞ்சிக்கொள்ளும். தலையில் கனம் கூடினால் அந்த அதிர்வெண் கீழே இறங்கும்; குறைந்தால் மேலே ஏறும். ஏழு வருடமாக யாளியும் இரும்பு முடுக்கிகளும் சேர்ந்து அதைக் கீழே அழுத்தி, இரண்டு சுரங்களுக்கு நடுவில், யார் கையும் படாத சந்தில் உட்கார வைத்திருந்தன. நான் 170 கிராமைக் கழற்றினேன். அது எழுந்து நேராக ஸட்ஜத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நம்பாமல், தச்சர் பயன்படுத்தும் சிறிய பிடிப்பான் ஒன்றை யாளியின் காதில் மாட்டி அதே சுரத்தைத் தொட்டேன். திரும்ப வந்துவிட்டது. கழற்றினேன், செத்தது. மாட்டினேன், பிழைத்தது. ஒரு மணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தேன். எந்தக் கனத்தை ஏழு வருடம் திட்டினேனோ, அந்தக் கனம்தான் நான் வாயாரப் புகழ்ந்த நாதத்தைக் காவல் காத்திருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? அப்போதுதான் பெகுத் தம்பியின் கேள்வி வந்தது.

சயாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சிரித்தார். "அந்த யாளிக்கு நான் வைத்த கனம் அது" என்றார். தெரிந்தே வைத்தாரா, இப்போது சேர்த்துக்கொள்கிறாரா என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்தேதான் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை நானே பழைய முடுக்கிகளைத் திரும்பப் பூட்டினேன். இப்போது தலையின் பின்புறம் திருகுத் துளைகள் இரண்டு ஜோடி. ஸட்ஜம் வந்துவிட்டது. தோள் வலியும் வந்துவிட்டது. அலுமினிய முடுக்கிகள் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. வேண்டுவோர் கேட்கலாம், பாதி விலை.

தம்பி, உன் மயிலுக்கு வருகிறேன். மயில் உண்மையில் நல்ல வடிவம். மயிலின் கழுத்தையே மேல் கொம்பாக்கி, அலகு 12ஆவது ஃபிரெட் வரை வருமாறு வரைந்தால், ஆணியை அலகில் மாட்டலாம். தோகையை வால் பக்கம் விரித்தால் கனம் தானாகவே பின்னால் போகும். என் படகைவிட நூறு மடங்கு புத்திசாலித்தனமானது. முதலில் மலிவான பலகையில் அதே அளவுக்கு வெட்டி, முடுக்கிகளின் எடைக்கு ஏதாவது கட்டித் தோளில் தொங்கவிட்டுப் பார். ஆணியின் இடத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகு படம் வரை. சயாவைவிட நல்ல கை இந்த ஊரில் கிடைக்காது. அவர் தொங்கும் என்றால் தொங்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆனாலும் செய்யாதே. கடையில் கிடைக்கும் சாதாரணமான ஒன்றை வாங்கிக்கொள். மிஞ்சும் பணத்தில் நல்ல ஆம்ப் வாங்கலாம், உன் முதுகு உன்னை வாழ்த்தும்.

உன் செய்தியின் கடைசி வரியில், செய்ய வேண்டாமென்றால் உங்களுடையதை விற்பீர்களா என்று கேட்டிருந்தாய். நாளை மாலை ஒத்திகை இருக்கிறது, புது வார் வேறு வாங்க வேண்டும். விற்பதற்கில்லை.