விவேக் எக்ஸ்பிரஸில் மூன்று இரவுகள்: கன்னியாகுமரி – திப்ருகர் பயணம் எப்படி இருக்கும்?

இந்தியாவில் மிக நீண்ட தூரம் ஓடும் ரயில் இதுதான். வண்டி எண் 22503, கன்னியாகுமரியில் மாலை ஐந்தரை மணிவாக்கில் கிளம்பி நான்காம் நாள் இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்பு அசாமின் திப்ருகருக்குப் போய்ச் சேரும். தூரம் சுமார் 4,200 கி.மீ., நேரம் சுமார் 75 மணி. பெயரில் சூப்பர்ஃபாஸ்ட் என்று இருந்தாலும் சராசரி வேகம் மணிக்கு 55 கி.மீ.யை ஒட்டித்தான் வரும். கேரளம், கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், காட்பாடி வழியாக ஆந்திரக் கடற்கரையைப் பிடித்து, ஒடிசா, வங்காளம் கடந்து போகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கேரளக் கட்டட வேலைகளிலும் இருக்கும் வங்காள, அசாம் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்வருவது பெரும்பாலும் இதில்தான். ஆகவே கூட்டம் எப்போதும் உண்டு.

முதல் 24 மணி நேரம் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். இந்த வண்டியின் உண்மையான சோதனை 40 மணி நேரத்துக்கு மேல்தான், ஏறக்குறைய கரக்பூர் தாண்டியபின் தொடங்குகிறது. கட்டிக்கொண்டு வந்த சோறு தீர்ந்திருக்கும், கழிவறை கெட ஆரம்பித்திருக்கும், பவர் பேங்க் காலியாகியிருக்கும். எல்லா ஏற்பாட்டையும் அந்த மூன்றாம் நாளை மனதில் வைத்துச் செய்ய வேண்டும்.

முதலில் தேதிக் குழப்பம். கோவையில் ஏறுபவர்களில் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஞாயிறு மாலை கன்னியாகுமரியில் கிளம்பும் வண்டி கோவைக்குத் திங்கள் விடியற்காலை நான்கு மணிவாக்கில் வரும். டிக்கெட்டில் திங்கள் என்று இருக்கும். திங்கள் இரவு ஸ்டேஷனுக்குப் போனால் வண்டி போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். ஞாயிறு இரவே கிளம்பத் தயாராக வேண்டும். முன்பதிவுக்கும் இதே கணக்குதான். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 60 நாள், ஆனால் அது வண்டி புறப்படும் ஊரின் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. ஆகவே கோவையின் திங்கள் பயணத்துக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு 60 நாள் முன்பே கதவு திறந்துவிடும். உங்கள் தேதியை வைத்து எண்ணினால் ஒரு நாள் பிந்துவீர்கள், அந்த ஒரு நாளில் ஸ்லீப்பர் முடிந்துவிடும். தட்கலும் அப்படியே: திங்கள் விடியற்காலை ஏற, சனிக்கிழமை காலை ஏசிக்குப் பத்து மணிக்கும் ஸ்லீப்பருக்குப் பதினொரு மணிக்கும் உட்கார வேண்டும். 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் எடுக்க முடியும். அதை முன்கூட்டியே முடித்து வையுங்கள்.

வெயிட்டிங் லிஸ்ட் எல்லாம் ஒன்றல்ல. புறப்படும் ஊரிலிருந்து எடுக்கும் பொதுப் பட்டியல் வேகமாக நகரும். நடு ஸ்டேஷன்களுக்கான பூல்டு கோட்டாப் பட்டியல் நகரவே நகராது. கோவையிலிருந்து கிடைக்கவில்லை என்றால் கன்னியாகுமரியிலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் இடமாகக் கோவையைப் போடுங்கள். தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவதால், கூடுதலாக ஆகும் தொகை பயப்படும்படி இருக்காது. ஏறும் இடத்தை மாற்றாமல் சும்மா கோவையில் ஏறிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆள் வரவில்லை என்று டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) பெர்த்தை ஆர்ஏசிக்காரருக்கு, அதாவது முழு பெர்த் கிடைக்காமல் இருக்கையில் வருபவருக்குக் கொடுத்துவிடலாம், அது அவர் தவறும் இல்லை. சித்திரையில் வரும் பிஹு, துர்கா பூஜை, தீபாவளி, அசாம் வங்காளத் தேர்தல் ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் முதல் நாள் முதல் நிமிடம் தவிர வேறு வழியில்லை.

இனி பெர்த். ஒரு இரவுப் பயணத்துக்கு எல்லோரும் லோயர் கேட்பார்கள். மூன்று இரவுக்கு அது சரியான தேர்வல்ல, வயதானவர்களுக்கும் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் தவிர. பகல் முழுக்க உங்கள் படுக்கை மூன்று பேர் உட்காரும் பெஞ்ச். மிடில் பெர்த்தை விரிக்க விதிப்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரைதான் உரிமை, பகலில் முதுகைச் சாய்க்க இடமில்லை. இந்த வண்டிக்கு அப்பர்தான் அரசன். நினைத்த நேரம் படுக்கலாம், பையைத் தலைமாட்டில் வைக்கலாம், கீழே என்ன நெரிசல் என்றாலும் உங்கள் இடம் உங்களுக்கு. குறை ஒன்று: ஸ்லீப்பரில் ஏப்ரல், மே பிற்பகலில் கூரைச் சூடு நேரே இறங்கும், நெல்லூர் – விஜயவாடா பகுதி அந்த நேரத்தில்தான் வரும். ஏசியில் நேர்மாறு, மேலே குளிரும்.

எண்ணை வைத்தே பெர்த்தைக் கண்டுபிடிக்கலாம். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் எண்ணை எட்டால் வகுத்து மீதி பாருங்கள். 1, 4 லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதி இல்லையென்றால் சைடு அப்பர். முதல் எட்டும் கடைசி எட்டும் கதவையும் கழிவறையையும் ஒட்டியவை. மூன்றாம் நாள் அங்கே வாடை தாங்காது. எல்எச்பி என்னும் புது வகை ஸ்லீப்பர் கோச்சில் 80 பெர்த், அதில் 25 முதல் 56 வரை நடுப்பகுதி. சைடு அப்பரை உயரமானவர்கள் தவிர்க்கவும், காலை நீட்டினால் இடிக்கும். சைடு லோயரில் ஜன்னல் முழுக்க உங்களுடையது, ஆனால் இரண்டு இருக்கைகளை மடக்கி ஒன்றாக்கும் பழைய அமைப்பென்றால் நடுவிலுள்ள இணைப்பு சரியாக இடுப்பில் அழுத்தும். ஒரு கெட்டியான ஜமுக்காளத்தை நான்காக மடித்து அந்த இடத்தில் போட்டால் சரியாகிவிடும்.

ஸ்லீப்பரா, மூன்றடுக்கு ஏசியா? நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஸ்லீப்பர் போதும், கம்பளி ஒன்று கட்டாயம். மூன்றாம் இரவு நியூ ஜல்பைகுரி பக்கம் மூடிய ஜன்னல் இடுக்கிலும் குளிர் வரும். மார்ச் முதல் செப்டம்பர் வரை ஏசிக்குச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. அது குளிர்ச்சிக்காக மட்டுமல்ல. டிக்கெட் இல்லாத கூட்டம் ஸ்லீப்பரின் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டால், இரவில் கழிவறைக்குப் போவதே பெரும்பாடு. பெண்கள், குழந்தைகளோடு போவோர் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

சாப்பாடு. நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி ஒரு நாள் தாங்கும். புளியோதரை ஈரம் படாமல் கட்டினால் மறுநாள் மதியம் வரை. தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம். மூன்றாம் நாளுக்கென்று அவல், வெல்லம், கடலை மிட்டாய், வறுத்த நிலக்கடலை, வாழைப்பழம் ஆகியவற்றைத் தனியாக ஒரு பையில் கட்டி, அதற்கு முன் தொடாதீர்கள். வண்டியின் சமையல் பெட்டியான பேன்ட்ரியில் சாதாரணச் சைவச் சாப்பாட்டின் நிர்ணய விலை 80 ரூபாய். கூடுதல் கேட்டால் பில் கேளுங்கள், பெரும்பாலும் அதோடு முடியும். முடியாவிட்டால் ரயில்வே உதவி எண் 139. ஒடிசா தாண்டியதும் ஜால்முரி விற்பவர்கள் ஏறுவார்கள். கடுகெண்ணெயின் காரநெடி நம் நாக்குக்குப் புதிது, ஆனால் பொரி வயிற்றைக் கெடுக்காது. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் கணக்கு. ரயில்வேயின் பாட்டில் தண்ணீரான ரயில் நீர் லிட்டர் 14 ரூபாய். பெரிய ஸ்டேஷன்களிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விசாகப்பட்டினத்தில் நள்ளிரவு வாக்கில் எஞ்சின் மாறும். வந்த திசையிலேயே திரும்பி வெளியேற வேண்டிய ஸ்டேஷன் அது, அதனால் முன்னால் இருந்த பெட்டி பின்னால் போய்விடும். காலையில் எழுந்து "வண்டி திரும்பப் போகிறதா?" என்று பதறுபவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. அதன்பின் எந்த ஸ்டேஷனிலும் இறங்கி ஏறும்போது உங்கள் கோச் எந்தப் பக்கம் என்பதைப் புதிதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கழிவறைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் பிடிப்பதும் இப்படிப்பட்ட பெரிய நிறுத்தங்களில்தான். குளிப்பது, தலை அலசுவது எல்லாவற்றையும் வண்டி கிளம்பிய அரை மணிக்குள் முடித்தால் குழாயில் தண்ணீர் இருக்கும். அடுத்த நிறுத்தத்துக்குச் சற்று முன் போனால் சோப்போடு நிற்க வேண்டியதுதான்.

சார்ஜிங் சாக்கெட்டை நம்பாதீர்கள், இரவு 11 முதல் காலை 5 வரை மின்சாரத்தை நிறுத்துவதும் உண்டு. லோயர் பெர்த்துக்கு அடியில் இரும்பு வளையம் இருக்கும், சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.

தாமதத்துக்குப் பருவம் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆந்திர, ஒடிசாக் கடற்கரையில் புயல், ஜனவரியில் வடக்கு வங்காளத்தில் மூடுபனி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அசாமில் வெள்ளம். அதிலும் ஒரு ஆறுதல், கடைசிப் பகுதியில் கால அட்டவணையிலேயே கொஞ்சம் தளர்வு வைத்திருப்பார்கள், ஒரு மணி நேரத் தாமதம் அங்கே கரைந்துவிடும். இருந்தாலும் குவாஹாட்டியிலோ திப்ருகரிலோ அதே நாளில் அடுத்த வண்டி, விமானம் எதுவும் பிடிக்கும்படி டிக்கெட் போடாதீர்கள்.

ஜன்னலுக்கு விடிந்ததும் வருகிற சிலிகா ஏரி ஒன்றே போதும். பலுகான் பக்கம் தண்டவாளத்தை ஒட்டியே தண்ணீர் வரும், வலப்பக்கம் உட்காருங்கள். ஃபராக்கா அணை மேல் கங்கையைக் கடப்பது இருட்டிய பிறகு.

திமாபூர் நாகாலாந்தில் இருக்கிறது. வண்டியில் கடந்து போகிறவர்களுக்கு ஒன்றும் வேண்டாம், இறங்கி திமாபூருக்குள்ளோ கொஹிமா பக்கமோ போக ஐஎல்பி என்னும் மாநில நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். அதை முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். வண்டி சரியான நேரத்துக்கே திப்ருகர் போனாலும் அப்போது இருட்டி நான்கு மணி நேரம் கடந்திருக்கும். தங்கும் இடத்தை ஏறுவதற்கு முன்பே உறுதி செய்து, நியூ தின்சுகியா தாண்டும்போது ஒரு முறை கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.