செயற்கைக்கோள் படமா, தெருவில் இறங்கிக் கணக்கெடுப்பா?

நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. இந்த ஊரில் மழைநீர் எங்கே தேங்கும் என்று தரவை வைத்துச் சொல்ல நினைக்கும் பல்கலைக்கழகக் குழுவுக்கு இரண்டு வழிகள்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம். குளம் சுருங்குவதை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். ஆனால் அதில் ஒரு புள்ளியே 10 மீட்டர். இரண்டு மீட்டர் ஓடை தெரியாது. ஆகாயத்தாமரை மூடிய குளமும் வயல்போலப் பச்சையாகத்தான் தெரியும். அப்புறம், இங்கே இரண்டு பருவமழையும் உண்டு; தண்ணீர் நிற்கும் நாளில் மேகம் மறைத்துவிடும்.

தெருத்தெருவாக நடப்பது மெதுவான வேலை, ஆள்செலவும் கூடும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. கோட்டாறு கடைக்காரரிடம் கேளுங்கள், போன மழையில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று கைவைத்துக் காட்டுவார். ஓடையை அடைத்தது குப்பையா, மேலே போட்ட சிலாப்பா என்பதும் அங்கே நின்றால்தான் தெரியும். தூர்வார ஆள் அனுப்ப மாநகராட்சிக்கு வேண்டிய தகவல் அதுதான்.